ஊற்றுச் சீமாட்டியும் ஈரப் பாயும்

ஹன்முல் கிராமம், ஜெஜு தீவு
1977 நவம்பர் 20

அன்புள்ள ஓக்சிலுக்கு,

உன் அப்பாவின் தம்பியும், ஹன்முல் கிராமத்துப் பன்றிகள், கல் சுவர்கள், ஒரு நொண்டிக் குதிரை ஆகியோரின் மதிப்பிற்குரிய நண்பனுமாகிய யாங் தோக்பே எழுதுவது. வலது கையை உயரத் தூக்கி, இடது கையால் எழுதியபடி சத்தியம் செய்கிறேன்: கீழே வரும் கதையை யாரும் நம்பப் போவதில்லை. நீயும் நம்ப வேண்டாம். முழுசாகப் படித்தால் போதும்.

உன் கல்யாணச் சேதி கிடைத்தது. பிப்ரவரி பன்னிரண்டு, பூசான் நகரம், மாப்பிள்ளை பேக் ஜாங்து, ரேடியோ பழுது பார்ப்பவர். சந்தோஷத்தில் நான் போட்ட கூச்சலுக்கு ஹல்லா மலையின் பனி பாதி சரிந்துவிட்டது. மீதிப் பாதி, நான் வர முடியாது என்று தெரிந்து அப்படியே உறைந்து நிற்கிறது.

காரணம் ஒரு பெண்.

ஊருக்குக் கீழே, கடல் இறங்கும்போது பாறைக்கடியில் நல்ல தண்ணீர் கொப்பளிக்குமே, அந்த ஊற்றில் எழுநூறு வருஷமாகக் குடியிருக்கிறாள் ஊற்றுச் சீமாட்டி. சாவு கிடையாது. மூப்பு கிடையாது. அழகு என்றால், அவள் முகம் பார்த்த கண்ணாடி அதற்குப் பிறகு வேறு முகத்தைக் காட்ட மறுத்துவிடும். நம் ஊரில் ஒரு கண்ணாடியும் உருப்படியாக இல்லாதது அதனால்தான்.

எனக்கு இருபத்து நாலு வயதில், குடத்தோடு போனேன். எழுந்து நின்றாள்.

"வா, வீட்டுக்குப் போலாம்" என்றாள்.

"நீங்க யாரு?"

"உன் பொண்டாட்டி."

"எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலையே."

"ஆயிடுச்சு. உனக்குத்தான் யாரும் சொல்லல."

நான் பணிவாக, "மன்னிக்கணும் அம்மணி, எனக்கு விருப்பமில்ல" என்றேன்.

அவள் கூந்தலில் வடிந்த தண்ணீரைப் பிழிந்தாள். பிறகு, "அப்படின்னா என்ன?" என்று கேட்டாள். ஏளனமில்லை, ஓக்சில். நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். எழுநூறு வருஷத்தில் அந்த வார்த்தையை அவளிடம் இரண்டு முறை சொன்ன ஆள் கிடையாது. முதல் முறை சொன்னவர்களுக்கு இரண்டாம் முறைக்கு வாய் மிச்சமிருக்கவில்லை.

அன்றிலிருந்து என்னைத் தீவை விட்டு நகர விடுவதில்லை. கப்பல் பலகையில் கால் வைத்தால் உடனே புயல் எச்சரிக்கை. போன முறை அடித்த காற்றில் நம் ஊர்ப் பன்றிகளெல்லாம் பக்கத்து ஊர்ப் பன்றிகளாகவும், அவர்களுடையவை நம்முடையவையாகவும் ஆகிவிட்டன. இரு தரப்புக்கும் நஷ்டமில்லை என்று அப்படியே விட்டுவிட்டோம்.

ஆகவே மன்னிக்கவும். காய்ந்த கடற்பாசி ஒரு கட்டு அனுப்பியிருக்கிறேன்.

உன் சித்தப்பா

பூசான்
டிசம்பர் 2

சித்தப்பாவுக்கு,

கடிதமும் பாசியும் வந்தன. பாசி நன்றாக இருக்கிறது. கடிதத்தைச் செருப்பு ஃபாக்டரி விடுதியில் என்னோடு தங்கியிருக்கும் ஏழு பேருக்கும் வாசித்துக் காட்டினேன். சிரித்து உருண்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒன்பது வயதில் இதே சீமாட்டியைச் சொல்லித்தான் எனக்கு வாற்கோதுமைச் சோறு ஊட்டினீர்கள். அப்போது அவளுக்கு ஒரே ஒரு பல். இப்போது பேரழகி. வயசு ஏற ஏற அழகும் ஏறுகிற பெண்ணை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

விஷயத்தைச் சொல்கிறேன். கல்யாண மண்டபத்தில் மேடைக்கு முன்னால் பெற்றவர்களுக்கென்று நான்கு நாற்காலி போடுவார்கள். இரண்டு அவர்களுக்கு, இரண்டு நமக்கு. மாமியார் வீட்டுக்குக் கூப்பிட்டுக் கேட்டார்.

"உங்க பக்கம் யாரும்மா உக்காருவாங்க?"

"சித்தப்பா."

"பக்கத்துல?"

"அம்மா நான் பொறந்தப்பவே போயிட்டாங்க. சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆகல."

"தீவுலேருந்து வர்றவங்களுக்கு எல்லாமே பாதிதான் இருக்கும்போல."

ஜாங்து அவர் அம்மாவைப் பார்த்து முறைத்தார். நான் டீயைக் குடித்தேன். அந்தப் பாதியாவது இருக்கிறது என்று காட்ட வேண்டும், சித்தப்பா. நீங்கள் வராவிட்டால் இரண்டு நாற்காலியும் காலி. கேட்க ஆளில்லாத பெண் என்றுதான் என்னை அந்த வீட்டில் நினைப்பார்கள். வாழ்நாள் முழுக்க.

மாப்பிள்ளை வெளியூர்க்காரர் என்று உங்களுக்கு மனசில்லையா? அப்படியென்றால் அதையே எழுதுங்கள். சீமாட்டி வேண்டாம்.

ஓக்சில்

ஹன்முல்
டிசம்பர் 12

ஓக்சிலுக்கு,

மாப்பிள்ளையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ரேடியோவின் வயிற்றைத் திறந்து மறுபடி பேச வைக்கிறவன் மருத்துவனுக்குச் சமம்.

நீ சீமாட்டியை லேசாக எடைபோடுகிறாய். ராஜா காலத்தில் தலைநகரிலிருந்து இங்கே நாடு கடத்தப்பட்ட ஒரு அதிகாரி மேல் ஆசைப்பட்டாள். அவன், "எனக்கு ஊரில் மனைவி இருக்கிறாள்" என்றான். மன்னிப்பு உத்தரவு வந்து அவன் கப்பலேறினான். அந்தக் கப்பல் ஒன்பது வருஷம் தீவைச் சுற்றிச் சுற்றி வந்தது. அதே மலை, அதே கரை, அதே அடுப்புப் புகை. தாடி நரைத்து இறங்கி வந்தவனிடம் கேட்டாள், "இப்ப விருப்பமா?" அவன் தலையசைத்து மறுத்தான். அவள் மூன்று மாதம் அழுதாள். நம் மழைக்காலம் அப்படி வந்ததுதான். அவன் பாறையாகிவிட்டான். சின்ன வயதில் நீ பாசி காயப்போட்டது அவன் முதுகில்.

என் கதையும் லேசில்லை. எனக்குப் பெண் தேட மூன்று தரகர்கள் கிளம்பினார்கள். ஒருத்திக்குக் குரல் போனது. இன்னொருத்தி எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் தனக்கே மாப்பிள்ளை பார்த்துக்கொண்டாள். மூன்றாவது இடத்தில், நிச்சயத்துக்கு முந்தின நாள் பெண் வீட்டுச் சோயா விழுது ஜாடிகள் ஏழும் விரிசல் விட்டன. ஊரே பார்த்தது. கடலில் மூழ்கிச் சிப்பி எடுக்கும் பெண்களுக்குத் தலைவி மால்சுன் அக்கா மட்டும், "டேய் தோக்பே, உன்ன வேண்டாம்னு சொன்ன பொண்ணுங்க பாவத்தையும் அந்தச் சீமாட்டி தலையிலயே கட்டுறியா?" என்று கேட்டாள். அவளுக்குக் கற்பனை போதாது.

ஒரே ஒரு வழி இருக்கிறது. நம் தீவின் பதினெட்டாயிரம் தெய்வங்களும் வருஷத்துக்கு ஒரு முறை மாற்றல் உத்தரவு வாங்க மேலே போகும் வாரம். ஜனவரி இருபத்தைந்திலிருந்து பிப்ரவரி ஒன்று வரை. அந்த வாரம் கேட்பாரில்லை என்றுதானே நாம் வீடு மாற்றுகிறோம், கூரை பிரிக்கிறோம், கழிப்பறைக் கல்லைக்கூடத் தைரியமாக நகர்த்துகிறோம். அந்த வாரத்தில் கல்யாணம் என்றால் பறந்து வருவேன். என்ன செய்வது, உங்கள் ஜோசியக்காரன் பிப்ரவரி பன்னிரண்டு என்று சொல்லிவிட்டான். வெளியூர்க்காரர்களுக்கு இதெல்லாம் எங்கே புரியும்.

கனத்த மனதுடன்,
சித்தப்பா

பூசான்
டிசம்பர் 27

சித்தப்பாவுக்கு,

கல்யாணம் ஜனவரி 29, ஞாயிறு. தேதியை மாற்றிவிட்டோம்.

எப்படி என்று கேட்பீர்கள். மண்டபத்தில் காலை ஒன்பது மணி மட்டும்தான் மிச்சமிருந்தது. அதை எடுத்துக்கொண்டோம். லீவுக்காக மேஸ்திரியிடம் எட்டு ஞாயிறு வேலைக்கு வருவதாக ஒத்துக்கொண்டேன். மாமியாரிடம் நானே போய் உட்கார்ந்து, நம் தெய்வங்களின் மாற்றல் வாரத்தை விளக்கினேன். கடைசிவரை கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"தெய்வம் ஒண்ணுகூட ஊர்ல இல்லாத வாரத்துல கல்யாணம் வெச்சா யாரு ஆசீர்வாதம் பண்றது?"

ஜாங்து, "அதான் சித்தப்பா வர்றாரேம்மா" என்றார்.

மாமியார் இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "வரட்டும், அந்தப் பெரிய மனுஷனைப் பாக்கலாம்" என்றார்.

இத்துடன் ஜனவரி 27 மாலைக் கப்பலுக்கு மூன்றாம் வகுப்புச் சீட்டு.

ஓக்சில்

ஹன்முல்
1978 ஜனவரி 5

ஓக்சிலுக்கு,

உன் கடிதத்தைப் படித்து நான் நின்ற நிலையில் என்மேல் இரண்டு கடற்காகம் வந்து உட்கார்ந்தன.

ஒரு சின்னச் சிக்கல். இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். சீமாட்டி சாகாதவள்தான். ஆனால் தெய்வம் அல்ல. உத்தியோகம் இல்லை, பதவி இல்லை, பதினெட்டாயிரம் பேர் பட்டியலில் பெயர் இல்லை. உத்தியோகமே இல்லாதவளுக்கு மாற்றல் ஏது, லீவு ஏது? மற்றவர்கள் மூட்டை கட்டிப் போகும் அந்த வாரம் முழுக்க அவள் ஒருத்திதான் தீவில். மேலதிகாரி இல்லாத ஆபீஸில் பியூன் எப்படியிருப்பான், யோசித்துப் பார். நேற்று ஊற்றங்கரையில் நானே கேட்டுப் பார்த்தேன்.

"மூணு நாள்தான், அம்மணி. எங்க பொண்ணு கல்யாணம்."

"கல்யாணம்னா ரெண்டு பேரா போகணும்" என்றாள். "என்னக் கூட்டிட்டுப் போறியா?"

"அது எப்படி…"

"பாத்தியா. இன்னமும் அதே 'விருப்பமில்ல'தான் வாயில."

ராத்திரியோடு ராத்திரியாக என் தண்ணீர்ப் பானை விரிசல் விட்டது. பனி என்று மால்சுன் அக்கா சொல்கிறாள். சீட்டைத் திருப்பி அனுப்புகிறேன். வீணாக வேண்டாம். மாப்பிள்ளையின் சொந்தக்காரர் யாராவது வருவார்கள்.

மன்னித்துக்கொள்.
சித்தப்பா

பூசான்
ஜனவரி 13

சித்தப்பாவுக்கு,

1960-இல் நீங்கள் குதிரை விற்க இரண்டு தடவை கடல் தாண்டி மோக்போ துறைமுகத்துக்குப் போய் வந்தீர்கள். திரும்பி வரும்போது எனக்குச் சிவப்பு ரப்பர் காலணி வாங்கி வந்தீர்கள். சீமாட்டி பிடித்துக்கொண்டு எட்டு வருஷம் ஆகியிருந்தது. அப்போது ஏன் விட்டாள்?

அவள் பிடித்துக்கொண்டது 1962-இல். எனக்குத் தெரியும்.

அன்று காலை படகில் போக வேண்டிய முறை உங்களுடையது. உங்களுக்கு வயிற்று வலி. அப்பா, "நீ படுத்துக்க, நான் போறேன்" என்றார். நான் போர்வைக்குள் விழித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் கேட்டேன். அந்தப் படகு திரும்பி வரவில்லை. இத்தனை வருஷமாக நான் இதைச் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நீங்கள் முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கி நான் பார்த்ததில்லை.

உங்களைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. என்னிடம் பொய்க் காரணம் சொல்ல வேண்டாம் என்பதற்காகத்தான். பயமாக இருக்கிறது என்று எழுதுங்கள். பயப்படுகிற சித்தப்பாவை எனக்குப் பிடிக்கும். நழுவுகிற சித்தப்பாவைத்தான் பிடிக்கவில்லை.

மேஸ்திரி தானும் மனைவியும் உட்காருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். நீங்கள் வரவில்லையென்றால் இரண்டு நாற்காலியும் காலியாகவே இருக்கும். யாராவது கேட்டால், "சித்தப்பாவுக்குக் கடல்னா பயம்" என்று சொல்வேன். பொய் சொல்ல மாட்டேன். அதற்கு வீட்டில் ஒருவர் போதும்.

சீமாட்டி நிஜம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியிருந்தாலும் நீங்கள் செய்தது தப்பு. வேண்டாம் என்று சொன்னால் தாங்க மாட்டாள் என்றால், அவளையே வேண்டாம் என்று சொல்ல வைத்திருக்க வேண்டும். நம் ஊரில் சுத்தம் பார்க்கிற தெய்வம், பன்றிக்கறி தின்ற புருஷனை "வாடை என் பக்கம் வராம காத்துக்குக் கீழ போய் உக்காரு" என்று தனியே வைத்துவிடும். ஊற்றுக்காரிக்கு அந்தச் சுத்தம் இருக்காதா? மூன்று நாள் பன்றிக்கறியை நன்றாகச் சாப்பிட்டுவிட்டுக் கப்பலேறுங்கள்.

சீட்டு மறுபடியும் இத்துடன்.

ஓக்சில்

ஹன்முல்
ஜனவரி 20

ஓக்சில்,

நீ விழித்திருந்தது எனக்குத் தெரியாது.

வயிற்று வலி இல்லை. முந்தின நாள் ராத்திரி குடித்திருந்தேன், எழுந்திருக்கச் சோம்பல். வயிற்று வலி என்று சொன்னேன். அண்ணன் நம்பிவிட்டான். நான் சொன்ன பொய்களிலேயே சின்னது அதுதான். அதற்குப் பிறகு, யாராலும் நம்ப முடியாத அளவுக்குப் பெரிசாக மட்டும்தான் சொல்கிறேன்.

பயமாக இருக்கிறது.

மால்சுன் அக்கா மகன் வரும் வாரம் வீடு மாற்றுகிறான். நாளை பன்றி வெட்டுகிறார்கள். ஒரு தொடை எனக்கென்று சொல்லி வைத்திருக்கிறேன்.

தோக்பே

பூசான்
பிப்ரவரி 6

சித்தப்பாவுக்கு,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? ஜாங்துவும் மாமியாரும் விசாரிக்கச் சொன்னார்கள்.

துறைமுகக் கூட்டத்தில் உங்களைத் தேடிப் பிடித்தேன். முகம் பாசி நிறத்தில் இருந்தது. அப்பாவின் கோட் போட்டிருந்தீர்கள். உங்கள்மேல் வந்த பன்றிக்கறி வாடைக்குச் துறைமுகக் காவலர் மூட்டையை மூன்று முறை சோதித்தார். ஜாங்து இன்னும் அதையே சொல்லிச் சிரிக்கிறார்.

மாமியார் உங்களைப் பற்றிச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பேசுனா வாய் மூடல. ஆனா மேடைக்கு முன்னால உக்காந்திருந்தப்ப ஒரு மணி நேரம் அசையல. நல்ல மனுஷன்." அவர் வாயில் இதற்கு மேல் வராது. எனக்கு இது போதும். மறுநாளிலிருந்து சாப்பாட்டில் எனக்கு மீனின் நடுத்துண்டு வருகிறது.

சொல்ல வேண்டியது இரண்டு.

ஒன்று, உங்கள் பக்கத்து நாற்காலி. அம்மாவுக்கென்று காலியாக விட்டிருந்தோமே, அதன் மெத்தை முழுக்க நனைந்திருந்தது. மண்டபத்து அம்மாள் பிழிந்து காட்டினார். கரி அடுப்பு நாலடி தள்ளித்தான் இருந்தது, ஆனாலும் தண்ணீர் பனிக்கட்டியாகச் சில்லிட்டிருந்தது. "உங்க சித்தப்பா எதையோ கொட்டிட்டாரு" என்றார். எதைக் கொட்டினீர்கள்? சாராயமா என்று மோந்து பார்த்தேன். வெறும் தண்ணீர். உப்புகூட இல்லை.

இரண்டு, வயிற்று வலி. கல்யாணக் கூட்டத்தில் சொல்ல முடியவில்லை. அன்று காலை அப்பா கூடையை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் குனிந்து போர்வையைச் சரி செய்தார். நான் விழித்திருப்பது அவருக்குத் தெரியும். "உன் சித்தப்பனுக்கு வயித்து வலியாம்" என்று சொல்லிச் சிரித்தார். அப்படிச் சிரிக்கிறவர் நம்பியவர் இல்லை, சித்தப்பா. தெரிந்துதான் உங்களைத் தூங்கவிட்டுப் போனார்.

ஓக்சில்

ஹன்முல்
பிப்ரவரி 15

அன்புள்ள ஓக்சிலுக்கு,

உன் கடிதத்தின் இரண்டாவது விஷயத்தைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. ஒன்பது தடவை படித்தேன் என்று மட்டும் தெரிந்துகொள். இந்த ஒன்பதில் மிகையில்லை.

முதல் விஷயம்.

நான் எதையும் கொட்டவில்லை.

போகும்போது கப்பலில் மூன்றாம் வகுப்பில் கருவாடு அடுக்கினாற்போல் ஜனம். தூணைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தேன். என் பக்கத்தில் மட்டும் ஓராள் படுக்கும் இடம் காலி. முதலில் ஒரு வெங்காய வியாபாரி வந்து படுத்தார். "என்னங்க, பாயெல்லாம் ஈரமா இருக்கு" என்று எழுந்து போனார். அப்புறம் ஒரு சிப்பாய். அப்புறம் கைக்குழந்தையோடு ஒரு பெண். குழந்தையின் துணி என்று அவள் நினைத்தாள், குழந்தைமேல் பழி. என்மேல் அடித்த பன்றிக்கறி வாடைக்கு என்னை விட்டு ஓட வேண்டிய சீமாட்டி, வாடை எட்டாமல் காற்றுக்கு மேல் பக்கமாகப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அவ்வளவுதான் வித்தியாசம். கடல் கண்ணாடி மாதிரி இருந்தது. எச்சரிக்கை ஒன்றும் வரவில்லை. "கல்யாணம்னா ரெண்டு பேரா போகணும்" என்றாளே, சொன்னபடி செய்துவிட்டாள்.

மண்டபத்தில் நான் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தேன் என்று உன் மாமியார் மெச்சினாராம். இடது தோள் பக்கம் ஐஸ் மூட்டை வைத்தது போலக் குளிர். எப்படி அசைவேன்? நீ மண்டியிட்டு எங்களுக்கு வணக்கம் சொன்னபோது, அந்தப் பக்கமிருந்து ஒரு நீண்ட மூச்சு வந்தது. எழுநூறு வருஷமாக அவள் ஆசைப்பட்டது ஒரு நாற்காலிக்குத்தானோ என்று அப்போதுதான் தோன்றியது. அதிகாரியின் கப்பலை அவ்வளவு சுற்ற வைத்திருக்க வேண்டாம். யாராவது ஒரு கல்யாணத்துக்குக் கூட்டிப் போயிருந்தால் போதும்.

திரும்பும்போது அதே தூண், அதே பாய். படுத்துக்கொண்டு கையால் தடவிப் பார்த்தேன். ஒரு தடியான ஆள் வந்து படுத்து, பூசானிலிருந்து ஜெஜு வரை குறட்டை விட்டான்.

வந்த அன்றே ஊற்றுக்குப் போனேன். "அம்மணி, வந்துட்டேன்" என்றேன். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. மறுநாளும் போனேன். இன்றோடு பதினாலு நாள். இருபத்தாறு வருஷம் என்னைக் கேட்டு இம்சித்தவள், போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இது என்ன மரியாதை? நான் என்ன, போட்டுவிட்டுப் போகிற பழைய குடமா? இதை மால்சுன் அக்காவிடம் முறையிட்டேன். சிப்பியைக் கத்தியால் நெம்பிக்கொண்டே சொன்னாள்:

"அவளுக்கு விருப்பமில்ல போலடா."

"அப்படின்னா என்ன?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் இது யாருடைய கேள்வி என்று உறைத்தது. அவள் சிரித்த சிரிப்பில் கடல் மூன்று விரற்கடை இறங்கியது.

நீ பொய் பிடிக்காதவள். ஆகவே ஒப்புக்கொள்கிறேன். கண்ணாடிகள், தரகர்கள், பன்றிகள் இடம் மாறியது, நாடு கடத்தப்பட்ட அதிகாரி, எழுநூறு வருஷம், ஊற்றங்கரைப் பேச்சு, அந்த நீண்ட மூச்சு, எல்லாம் நான் இட்டுக்கட்டியவை. ஜாடிகள் ஏழு இல்லை, ஒன்று. அதுவும் நான் தட்டிவிட்டது.

ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். போகும்போது என் பக்கத்துப் பாய் ஈரமாக இருந்தது. வரும்போது காய்ந்திருந்தது.

உன் சித்தப்பா
யாங் தோக்பே